விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது: கடையில் நாலு பழைய சிஸ்டம், எதை என்ன செய்யலாம்?

திண்டுக்கல்_டிடிபி | 8 பிப்ரவரி 2026

எல்லாருக்கும் வணக்கம். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. தை மாத அழைப்பிதழ் வேலை இப்போதுதான் ஓய்ந்தது, அதனால் இதைக் கேட்க நேரம் கிடைத்தது.

கடையில் இருப்பவை இவை. முன் கவுண்டரில் நான்காம் தலைமுறை ஐ3, 4ஜிபி ராம், சாதா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அதில் எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ், வாட்ஸ்அப் வெப், விண்ணப்பங்கள் எல்லாம் இதில்தான். உள்ளே டிடிபி சிஸ்டம்: ஏழாம் தலைமுறை ஐ5, 8ஜிபி, எஸ்எஸ்டி, இதுவும் விண்டோஸ் 10. பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப், பாமினி எழுத்துருக்கள், டாலி. பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. மூலையில் ஒரு கோர் 2 டுயோ, 2ஜிபி, இன்னும் எக்ஸ்பி. பழைய பிளாட்பெட் ஸ்கேனருக்காக மட்டும் வைத்திருக்கிறேன். நாலாவது, மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. அவளுக்கு வேறு வாங்கியாகிவிட்டது, இது கடைக்கு வந்துவிட்டது.

சர்வீஸ் பார்ப்பவர் நாலையும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். அவ்வளவு பணம் இப்போது இறக்க முடியாது. நாலுமே நன்றாக ஓடுகின்றன. என்ன செய்யலாம்?

கட்டற்றவன் | 8 பிப்ரவரி 2026

லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ். நாலிலும். இன்றே. வேறு கேள்வியே இல்லை தோழர்.

பழையபொட்டி | 8 பிப்ரவரி 2026

கட்டற்றவன் தம்பி, அவர் பேஜ்மேக்கர், டாலி என்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா?

அண்ணே, முதலில் ஒன்று. ஆதரவு முடிந்த 14 அக்டோபர் 2025க்குப் பிறகு சிஸ்டம் நின்றுவிடாது. நின்றது மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் பேட்ச்தான். விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே நிறைய நிரல் பொதுவானது. 11க்கு ஒரு ஓட்டையை அடைத்துப் பேட்ச் விடும்போது, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அதே ஓட்டை 10இல் திறந்தே கிடக்கும். அதாவது ஒவ்வொரு மாதமும் 11க்கு வரும் மருந்தே 10இன் நோயைக் காட்டிக் கொடுக்கும். ஆதரவு முடிந்த முதல் வாரத்தில் ஒன்றும் ஆகாது. நாளாக ஆகத்தான் ஆபத்து சேரும்.

அடுத்து, எத்தனை வருடப் பழசு என்பதை விட அந்தப் பொட்டி என்ன வேலை செய்கிறது, வெளியிலிருந்து யார் அதைத் தொடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். உங்கள் பட்டியலில் எனக்குப் பயமாக இருப்பது எக்ஸ்பி இல்லை, முன் கவுண்டர்தான். ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் அதில்தான் ஏறி இறங்குகிறது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். எக்ஸ்பி பொட்டியில் இணையம் உண்டா? ஆதார் கைரேகைக் கருவி எதிலாவது மாட்டியிருக்கிறீர்களா?

திண்டுக்கல்_டிடிபி | 8 பிப்ரவரி 2026

கைரேகைக் கருவி இல்லை சார், அது பக்கத்துக் கடையில். எக்ஸ்பிக்கு இணையம் கொடுக்கவில்லை என்றாலும் லேன் வயர் உண்டு. ஸ்கேன் செய்தது பகிர்ந்த ஃபோல்டர் வழியாக டிடிபி சிஸ்டத்துக்கு வரும். விண்டோஸ் 10இல் ஏதோ எஸ்எம்பி 1 என்று டிக் போட்டால்தான் அது தெரிகிறது, சர்வீஸ்காரர் போட்டுக் கொடுத்தார்.

பழையபொட்டி | 8 பிப்ரவரி 2026

அந்த டிக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். மே 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஓடியது, கணினிகள் கோப்பு பகிரும் பழைய முறையான இந்த எஸ்எம்பி 1 கதவு வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை மார்ச் மாதமே விட்டிருந்தது. அதிகமாக அடிபட்டவை எக்ஸ்பி சிஸ்டங்கள் அல்ல, பேட்ச் போடாமல் விட்ட விண்டோஸ் 7 சிஸ்டங்கள். ஒரு பொட்டிக்கு வந்தால் லேனில் இருக்கும் மற்றவற்றுக்குத் தானே பரவும். உங்கள் கடையில் அப்படி வந்தால் டாலி டேட்டாவும் சேர்ந்து போகும்.

சரி, ஒவ்வொன்றாக.

டிடிபி சிஸ்டம். இதை இப்போதைக்கு விண்டோஸ் 10இலேயே விடுங்கள். மைக்ரோசாஃப்ட் சாதாரணப் பயனர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறது, இஎஸ்யு என்று பெயர். 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்புப் பேட்ச் மட்டும் வரும். இப்போது சேர்ந்தாலும் முடியும் தேதி அதுதான். சேர மூன்று வழி: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசில்லை, ரிவார்ட்ஸ் புள்ளி 1000 கொடுக்கலாம், அல்லது 30 டாலருக்கு நிகரான பணம். ஒரு கணக்கில் 10 சிஸ்டம் வரை சேர்க்கலாம். விண்டோஸ் பதிப்பு 22ஹெச்2 ஆக இருக்க வேண்டும். டொமைனில் சேர்ந்த அலுவலக சிஸ்டங்கள், கியோஸ்க் முறையில் ஓடுபவை இதில் சேர முடியாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். அக்டோபருக்குள் அடுத்தது என்ன என்று முடிவு செய்ய நேரம் கிடைக்கும்.

முன் கவுண்டர். இங்கேதான் கட்டற்றவன் தம்பி சொல்வது சரி. மின்ட் போடுங்கள். பிரவுசர், வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப், எப்சன் பிரிண்ட், இவ்வளவுதானே வேலை. பென் டிரைவில் வரும் ஷார்ட்கட் வைரஸ் எல்லாம் விண்டோஸுக்கு எழுதியவை, லினக்ஸில் அவை வெறும் கோப்புகளாகக் கிடக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்து வேண்டாததை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஜெராக்ஸ் கடை கவுண்டருக்கு லினக்ஸ் போட இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

எக்ஸ்பி பொட்டி. முதலில் லேன் வயரைக் கழற்றுங்கள். அந்த ஸ்கேனர் மாடலை லினக்ஸில் ஸ்கேனர்களை ஓட்டும் ‘சேன்’ திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். 64 பிட் விண்டோஸ் கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவற்றை லினக்ஸ் இன்னும் ஓட்டுகிறது. உங்களுடையது அதில் இருந்தால் ஸ்கேனரைக் கவுண்டர் சிஸ்டத்தில் மாட்டிவிட்டு கோர் 2 டுயோவை ஓய்வு கொடுத்து அனுப்பலாம்.

மடிக்கணினிக்கு என்ன பிராசஸர் என்று சொல்லவில்லையே?

ஈரோடு_சர்வீஸ் | 9 பிப்ரவரி 2026

நான் இதே தொழிலில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் புதுசு வாங்கச் சொல்வது ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் 😀

எந்த ஓஎஸ் போட்டாலும் கவுண்டர் சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240ஜிபி போதும். நான்காம் தலைமுறை போர்டுகளில் பெரும்பாலும் என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது, கடையில் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். பிறகு ராம் 8ஜிபி. டெஸ்க்டாப் என்றால் டிடிஆர் 3. அதே தலைமுறை மடிக்கணினி என்றால் 1.35 வோல்ட் டிடிஆர் 3எல் தான் வேண்டும், சாதா டிடிஆர் 3 போட்டால் ஆன் ஆகாது. போன வருடக் கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை எல்லாம் ஏறிக் கிடக்கிறது. அதனால் கழற்றிய ராம் நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கலாம், தப்பில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் அங்கேயே சோதித்து வாங்குங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. பழைய போர்டில் சிமோஸ் பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே பிரவுசர் எல்லா இணையதளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டும். இதைப் பார்த்து சிஸ்டம் காலாவதி ஆகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் உண்டு. சிஆர் 2032 ஒன்று, பெட்டிக்கடையில் கூடக் கிடைக்கும்.

ஆடிட்டர்_ஆபீஸ்_உமா | 9 பிப்ரவரி 2026

டாலி பற்றி ஒரு வார்த்தை. அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன் வழியாக ஓடுகிறது என்று யாராவது சொன்னாலும் கணக்கு வருடம் முடிகிற மார்ச்சில் அதை நம்பி உட்காரக் கூடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அப்படித்தான்; லினக்ஸ் டிரைவர் உள்ள டோக்கன்கள் இருந்தாலும், போர்ட்டல் கேட்கும் கையொப்ப மென்பொருளோடு அது ஒத்துப் போகிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிடும். கணக்கு வேலை இருக்கும் ஒரு சிஸ்டம் விண்டோஸாகவே இருக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி ஓடுகிறது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறார்கள். அப்படியென்றால் இஎஸ்யு எதற்கு?

பழையபொட்டி | 9 பிப்ரவரி 2026

உமா மேடம், 2028 வரை வருவது வைரஸ் அடையாளப் பட்டியல். தெரிந்த திருடர்களின் முகத்தைக் காவலாளிக்குக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். உடைந்த பூட்டை மாற்ற மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்கும் அதே அக்டோபர் 2028 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அதுவும் அந்தச் செயலிகளுக்கு மட்டும்தான், அடியில் இருக்கும் விண்டோஸுக்கு அல்ல.

நிறுவனங்களுக்கான இஎஸ்யு வேறு கணக்கு: முதல் வருடம் ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். உங்கள் அலுவலகம் டொமைனில் இருந்தால் இதுதான் வழி. அந்தப் பணத்தைக் கூட்டிப் பாருங்கள், பல சிஸ்டங்களுக்குப் புதிது வாங்குவதே லாபம் என்று வரும்.

குறுக்குவழி | 9 பிப்ரவரி 2026

ஏன் இவ்வளவு சுற்று? விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 போடுங்கள். 2032 ஜனவரி வரை அப்டேட். ஒரே ஸ்கிரிப்ட்டில் ஆக்டிவேட் ஆகும். என் நண்பர்கள் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆடிட்டர்_ஆபீஸ்_உமா | 9 பிப்ரவரி 2026

தம்பி, ஜிஎஸ்டி எண்ணும் பில் புத்தகமும் வைத்து நடத்தும் கடையில் திருட்டு உரிமத்தை வைக்கச் சொல்கிறீர்கள்.

பழையபொட்டி | 9 பிப்ரவரி 2026

தேதி சரிதான், ஐஓடி எல்டிஎஸ்சி 2021க்கு 13 ஜனவரி 2032 வரை ஆதரவு உண்டு. ஐஓடி அல்லாத எல்டிஎஸ்சிக்கு 2027 ஜனவரியிலேயே முடிகிறது, நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக் கொள்கிறார்கள். ஆனால் அது ஏடிஎம், பில்லிங் இயந்திரம், மருத்துவக் கருவி போன்றவற்றைச் செய்யும் நிறுவனங்களுக்கான உரிமம். கடையில் பெட்டியில் போட்டு விற்பதில்லை. உரிமப் பிரச்சினையை விடுங்கள், பாதுகாப்புக்காகத்தானே இவ்வளவு பேசுகிறோம்? அதற்காக எங்கிருந்தோ இறக்கிய ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பையும், அட்மின் அனுமதியோடு ஓடும் அறியாத ஸ்கிரிப்ட்டையும் உள்ளே விடுவது எனக்குப் புரியாத தர்க்கம். உங்கள் ஸ்கிரிப்ட் நல்லதாகவே இருக்கலாம். அதே பெயரில் தேடினால் கிடைக்கும் மற்ற பத்தும் அப்படி இருக்காது.

குறுக்குவழி | 9 பிப்ரவரி 2026

ஊரில் பாதிக் கடை அப்படித்தான் ஓடுகிறது சார். நடப்பைச் சொன்னேன்.

நெறியாளர் | 9 பிப்ரவரி 2026

ஆக்டிவேஷன் ஸ்கிரிப்ட் பற்றிய பேச்சு இதோடு போதும். இணைப்பு போட்டால் பதிவு நீக்கப்படும்.

மாறன்_மடிக்கணினி | 10 பிப்ரவரி 2026

ஏழாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 போடலாமே? நான் ஆறாம் தலைமுறையில் ஓட்டுகிறேன். ரூஃபஸ் என்ற கருவியில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் சோதனையை நீக்க ஒரு தேர்வு கேட்கும். டிக் போட்டால் முடிந்தது. எனக்கு மாதாந்திரப் பேட்ச் எல்லாம் வருகிறது.

பழையபொட்டி | 10 பிப்ரவரி 2026

போடலாம். ஏழாம் தலைமுறை சிஸ்டங்கள் பலவற்றில் டிபிஎம் 2.0 பயாஸில் இருக்கும், பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடக்கும். அதனால் உண்மையில் தடுப்பது பிராசஸர் பட்டியல் ஒன்றுதான். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டுவிட்டது. ஏழாவதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2021இல் இந்தக் கோட்டைப் போட்டபோதே பலர் திட்டினார்கள், நானும்தான். நன்றாக ஓடும் பிராசஸரைத் தேதி பார்த்து ஒதுக்குவது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் போட்ட கணக்குப்படி இதனால் குப்பைக்குப் போகக்கூடிய கணினிகள் சுமார் 24 கோடி.

இருந்தாலும் மாறன், இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று அவர்கள் உத்தரவாதம் தரவில்லை. இன்று வருகிறது, சரி. ஆனால் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஒவ்வொரு வெளியீடும் இரண்டு வருடம்தான். 23ஹெச்2 கடந்த நவம்பரில் முடிந்தது, 24ஹெச்2 இந்த அக்டோபரில் முடியும். அடுத்த வெளியீடு உங்களுக்குத் தானாக வராது, மறுபடி ஐஎஸ்ஓ இறக்கி மேலே போட வேண்டும். இரண்டு, 24ஹெச்2 முதல் பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைகள் பிராசஸரில் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது, அதற்குக் குறுக்குவழி கிடையாது. கோர் 2 டுயோவுக்கு அந்தப் பாதை மூடிவிட்டது.

வீட்டு சிஸ்டத்துக்கு நீங்கள் செய்வது ஒத்துவரும். சம்பாதிக்கும் சிஸ்டத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும்.

கட்டற்றவன் | 10 பிப்ரவரி 2026

நான் ஒரே வரியில் முடித்துவிட்டேன் என்று கோபம் வேண்டாம். உருப்படியாகச் சொல்கிறேன்.

இப்போது உள்ள மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு. 4ஜிபி ராம் என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஆக்கிவிட்டால் சின்னமன் பதிப்பே போடலாம், விண்டோஸ் பழகிய கைக்கு அது சுலபம். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே லைவ் ஆக ஓட்டிப் பாருங்கள், ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாது. அந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, பிரிண்டர், ஸ்கேனர் நாலையும் சோதித்துவிடலாம். வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சிப்பாக இருக்கும். லேன் வயர் மாட்டி, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே எடுத்துத் தரும்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

எப்சன் எல் வரிசை பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, கவலை வேண்டாம். எல்பிபி 2900தான் தலைவலி. அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசும் வகை. அதற்கான லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது, தன்னார்வலர்கள் எழுதிய கேப்ட்டிரைவர் என்ற ஒன்றும் உண்டு, இரண்டுமே குடைந்து குடைந்து செய்ய வேண்டியவை. அதை விண்டோஸ் சிஸ்டத்திலேயே விடுங்கள். கவுண்டரில் கோப்பை வாங்கி, பிடிஎஃப் ஆக்கி, பகிர்ந்த ஃபோல்டரில் போட்டால் உள்ளேயிருந்து அச்செடுக்கலாம். வாடிக்கையாளர் பென் டிரைவ் உள்ளே இருக்கும் சிஸ்டத்தைத் தொடவே கூடாது, அதுதான் இதில் கிடைக்கும் லாபம்.

பழையபொட்டி | 10 பிப்ரவரி 2026

இதைத்தான் தம்பி முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். 👍

திண்டுக்கல்_டிடிபி | 10 பிப்ரவரி 2026

நிறையத் தெளிவாகிவிட்டது. இஎஸ்யுவில் டிடிபி சிஸ்டத்தைச் சேர்த்துவிட்டேன், ஒன்றும் கட்டச் சொல்லவில்லை. எஸ்எம்பி 1 எடுத்தாகிவிட்டது.

ஒரே சந்தேகம், தமிழ். கவுண்டரில் மனு, விண்ணப்பம் எல்லாம் அடிப்பது பையன். அவனுக்குப் பாமினியும் தட்டச்சு முறையும்தான் கை. மின்ட்டில் அது வருமா? இருபது வருட அழைப்பிதழ் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்பாகக் கிடக்கிறது, அதையும் எதிலாவது திறக்க முடியுமா?

யாழ்_விசைப்பலகை | 10 பிப்ரவரி 2026

வணக்கம் அண்ணா, இங்கே யாழ்ப்பாணத்திலும் பாமினிதான் பல கடைகளில். அது லினக்ஸில் இயங்குமோ என்று பயப்படவே தேவையில்லை. பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. ஆகவே எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் சொடுக்கி நிறுவி, லிப்ரே ஆபீஸில் பாமினியைத் தெரிவு செய்து அடித்தால் விண்டோஸில் வருவது போலவே வரும். தனி மென்பொருள் ஏதும் வேண்டாம்.

ஆனால் இணையதள விண்ணப்பங்களில் பாமினி உதவாது, யுனிகோட்தான் வேண்டும். லினக்ஸில் தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ்ஸும் அதோடு எம்17என் தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முறைகள் எல்லாம் உண்டு. இலங்கையில் பயன்படும் ரெங்கநாதன் தளக்கோலமும் இருக்கிறது. உங்கள் பையனுக்குத் தட்டச்சு முறை ஏற்கெனவே கையில் இருப்பதால் நேராக உட்கார்ந்து அடிக்கலாம். ஒன்றிரண்டு விசைகள் அவர் பழகிய இடத்தில் இல்லாமல் இருக்கலாம், அதை மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கோ.

கட்டற்றவன் | 10 பிப்ரவரி 2026

பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும், பேஜ்மேக்கர் 6, 7 இரண்டும். எழுத்தும் படமும் வரும், ஆனால் அமைப்பு அப்படியே வரும் என்று நம்பி அச்சுக்கு அனுப்பாதீர்கள். பழைய அழைப்பிதழிலிருந்து வாசகத்தை எடுக்க இது போதும்.

பழையபொட்டி | 10 பிப்ரவரி 2026

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்கு அடோபியிடமிருந்து எந்தப் பேட்சும் வந்து எவ்வளவோ காலமாயிற்று, ஆக விண்டோஸின் ஆதரவை விட அதுதான் உங்கள் கடையின் பழைய பொட்டி. இந்த அக்டோபருக்குப் பிறகு என் ஏற்பாடு இப்படி இருக்கும்: டிடிபி சிஸ்டத்தை இணையத்திலிருந்து துண்டித்து, பேஜ்மேக்கர், போட்டோஷாப், எல்பிபி 2900 மூன்றுக்குமே விட்டுவிடலாம். டாலியை மட்டும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். பணம் இறக்குவதாக இருந்தால் அதற்கு மட்டும் இறக்குங்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை சிறிய டெஸ்க்டாப்கள் இரண்டாம் கைக்கு வருகின்றன, அதில் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். நாலு வாங்கச் சொன்னார்கள், ஒன்று வாங்கினால் போதும்.

துண்டித்தாலும் கவுண்டரிலிருந்து பிடிஎஃப் போக வழி வேண்டும் இல்லையா, அதற்கு லேன் இருக்கட்டும், ரவுட்டரில் அந்த சிஸ்டத்துக்கு வெளி இணைப்பை மட்டும் தடுத்துவிட்டால் சரி.

ஈரோடு_சர்வீஸ் | 11 பிப்ரவரி 2026

செக்யூர் பூட் சான்றிதழ் ஜூன் மாதம் முடிகிறது, பழைய சிஸ்டம் எல்லாம் பூட் ஆகாது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். யாராவது விளக்குங்கள்.

பழையபொட்டி | 11 பிப்ரவரி 2026

பாதி உண்மை. பூட் ஆகும் நிரல் நம்பகமானதா என்று சோதிக்கும் செக்யூர் பூட்டுக்கு 2011இல் கொடுத்த சான்றிதழ்கள் இந்த ஜூனில் தொடங்கி அக்டோபருக்குள் காலாவதி ஆகின்றன, 2023 சான்றிதழ்கள் அவற்றுக்குப் பதில் வருகின்றன. மாற்றாத சிஸ்டமும் ஜூனுக்குப் பிறகு வழக்கம்போல் பூட் ஆகும். பூட் ஆகும் நேரத்தில் ஓடும் நிரல்களுக்கு இனி வரும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் அதற்குப் போய்ச் சேராது. அப்டேட் வரும் விண்டோஸ் 11க்கும், இஎஸ்யுவில் சேர்ந்த 10க்கும் புதிய சான்றிதழ் அப்டேட்டோடு வரும். சேராத 10க்கு வராது. வீடியோ போட்டவருக்குத் தலைப்பு நன்றாக எழுத வருகிறது.

கோவை_மேக் | 11 பிப்ரவரி 2026

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2015 மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன், அதற்கு என்ன வழி?

நெறியாளர் | 11 பிப்ரவரி 2026

தனி இழை தொடங்குங்கள் நண்பரே, ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்று தலைப்பில் போட்டால் தெரிந்தவர்கள் வருவார்கள்.

திண்டுக்கல்_டிடிபி | 15 பிப்ரவரி 2026

நடந்ததைச் சொல்கிறேன். கவுண்டரில் எஸ்எஸ்டி மாற்றி, கழற்றிய 4ஜிபி ராம் ஒன்று சேர்த்து, மின்ட் சின்னமன் போட்டாயிற்று. எப்சன் தானாகவே தெரிந்தது. பையன் பாமினியில் அடிக்கிறான், யுனிகோடில் தட்டச்சு முறையும் பழகிவிட்டான். அவன் முனகுவது ஒன்றுக்குத்தான்: வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்புகளில் சில, லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் தள்ளிப் போகிறது. சுயவிவரக் கோப்பு இரண்டு பக்கத்திலிருந்து மூன்றாகிறது.

ஸ்கேனர் சேன் பட்டியலில் இருந்தது, லைவ் பென் டிரைவிலேயே வேலை செய்தது. ஆக, கோர் 2 டுயோ சும்மா இருக்கிறது. மகளின் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன், பென்டியம், 4ஜிபி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது, அதையே ஓட்டலாமா?

கட்டற்றவன் | 15 பிப்ரவரி 2026

பக்கம் தள்ளிப் போவது பெரும்பாலும் எழுத்துருவால். கலிப்ரி, கேம்ப்ரியா இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ, கலாடியா இரண்டையும் நிறுவுங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும். மீதிக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லி கவுண்டரில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. மடிக்கணினியோடு வந்த பதிப்பு இப்போது ரொம்பப் பழசு, அதற்கும் பேட்ச் நின்றுபோயிருக்கும். லினக்ஸ் என்பதற்காகவே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். துடைத்துவிட்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். வெறும் பிரவுசருக்கு என்றால் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும் உண்டு, 4ஜிபி போதும். ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது, பழைய யுஎஸ்பி பிரிண்டர்களுக்கும் அவ்வளவாக இடம் கொடுக்காது. கடைக்கு நான் மின்ட்டையே சொல்வேன். நேரில் உதவி வேண்டுமானால் விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களைக் கேட்டுப் பாருங்கள், கூச்சப்படாமல் கேட்கலாம்.

மாறன்_மடிக்கணினி | 15 பிப்ரவரி 2026

கோர் 2 டுயோவை எனக்கு விற்றுவிடுங்களேன் 😀 ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் போட்டுப் பாட்டுப் பெட்டியாக வைத்துக்கொள்கிறேன். என்னிடம் 32 பிட் ஆட்டம் நெட்புக் ஒன்றும் இருக்கிறது, அதற்கும் அதையே போடலாமா?

பழையபொட்டி | 15 பிப்ரவரி 2026

கோர் 2 டுயோ 64 பிட், அதற்குப் பிரச்சினை இல்லை. 32 பிட் நெட்புக்குக்குக் காலம் நெருங்கிவிட்டது. டெபியன் 13இல் 32 பிட் நிறுவி கிடையாது, டெபியன் 12க்கு நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை. ஃபயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸைக் கைவிடுகிறது. ஆன்டிஎக்ஸ் போடலாம், ஆனால் வங்கி, மின்னஞ்சல் எதற்கும் வேண்டாம். விண்டோஸ் 7க்கும் இதுதான் நடந்தது. 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தபோது யாரும் அசையவில்லை, 2023 தொடக்கத்தில் குரோம் 109ஓடு நின்றதும்தான் எல்லாரும் கடைக்கு ஓடினார்கள். எந்த ஓஎஸ் ஆனாலும் பிரவுசர் நிற்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.

திண்டுக்கல்_டிடிபி | 15 பிப்ரவரி 2026

மாறன் தம்பி, திண்டுக்கல் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். அதில் வாடிக்கையாளர்களின் ஆதார், பான் ஸ்கேன் எல்லாம் பல வருடமாகக் கிடக்கிறது. ஃபார்மட் செய்து கொடுத்தால் போதுமா?

ஈரோடு_சர்வீஸ் | 15 பிப்ரவரி 2026

போதாது அண்ணே. குயிக் ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்க இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு பொட்டியை மட்டும் கொடுப்பது நல்லது, தம்பி வேறு டிஸ்க் போட்டுக்கொள்ளட்டும். டிஸ்க்கோடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் டிஸ்க்கைத் துடைக்கும் என்வைப் என்ற கருவியை ஓட்டி முழுக்க ஒரு சுற்று மேலெழுதுங்கள், இரவு போட்டால் காலையில் முடிந்திருக்கும். ஓட்டுவதற்கு முன் எந்த டிஸ்க் என்று பெயரையும் அளவையும் இரண்டு முறை பாருங்கள், மற்ற டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கவுண்டரில் கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கையும் மறக்க வேண்டாம். அதிலும் அதேதான் இருக்கும்.